நாற்காலி நகரவில்லை: சாபமா, கணக்கா?



இந்த மாதம் நாம் தியானிக்கப்போகிற காரியம் பிரசங்க பீடத்தில் அதிகமாய்ப் பேசப்படாத ஒன்று. வேலையில் மேலே போக வழியில்லாமல், ஒரே நாற்காலியில் வருஷக்கணக்காய் உட்கார்ந்திருக்கிறவர்களின் பாரத்தைப் பற்றியது. வேலை இல்லாதவர்களுக்காக ஜெபிக்கிறோம். வேலை போனவர்களுக்காகவும் ஜெபிக்கிறோம். ஆனால் வேலை இருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, உள்ளத்தில் மாத்திரம் சமாதானம் இல்லை என்று இருக்கிறவனை யார் விசாரிக்கிறோம்? "உங்களுக்கென்ன பிரதர், நல்ல உத்தியோகம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோகிறோம்.

நான் பகலில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்து, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஊழியம் செய்கிறவன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பல வீடுகளுக்குப் போய் ஜெபிக்கிற சிலாக்கியம் எனக்கு உண்டு. மஞ்சக்குப்பத்து ஆபீசுகளில் கண்காணிப்பாளராய் இருக்கிறவர்கள், வங்கிகளில் மேலாளராய் இருக்கிறவர்கள், நெய்வேலியில் ஷிப்டு பார்க்கிற அதிகாரிகள், சிப்காட் கம்பெனிகளில் சூப்பர்வைசர்கள் என்று பலதரப்பட்ட ஜனங்களைச் சந்திக்கிறேன். நாற்பத்தைந்து வயதைத் தாண்டினவர்களில் அநேகர், காபி கொடுத்து முடித்த பிறகு, குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எனக்கு மட்டும் ஏன் பாஸ்டர் இப்படி நின்னுபோச்சு? ஏதாவது சாபமா இருக்குமோ?"

இந்தக் கேள்வியை லேசாய் எண்ணிவிடக்கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டே ராத்திரி தூங்காமல் இருக்கிறவர்கள் நம் மத்தியில் உண்டு. ஆகவே பொறுமையாய் ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

1. இந்த நிலைக்குப் பெயர் உண்டா?

உண்டு. ஏணியில் ஏறிக்கொண்டே வந்தவன், அடுத்த படி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு மிகக் குறைந்துபோன இடத்தில் நிற்பதை 'உத்தியோகத் தேக்கநிலை' என்று சொல்லலாம். வங்கியில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிது அல்ல. சம்பள விகிதத்தின் உச்சத்தைத் தொட்டவர்களுக்கு 'ஸ்டாக்னேஷன் இன்கிரிமெண்ட்' என்றே ஒரு உயர்வு அவர்களுடைய ஒப்பந்தத்தில் இருக்கிறது. தேங்கி நிற்கிறவனுக்கு ஒரு ஆறுதல் தொகை!

மத்திய அரசில் 1999ம் வருஷம் ஒரு திட்டம் வந்தது. பதவி உயர்வு கிடைக்காமலேயே 12 வருஷம் ஆனால் ஒன்று, 24 வருஷம் ஆனால் இன்னொன்று என்று சம்பளத்தை மட்டும் ஒரு படி ஏற்றிக் கொடுப்பார்கள். 2008 செப்டம்பர் முதல் அது 10, 20, 30 வருஷம் என்று மாற்றப்பட்டது. நம்முடைய மாநில அரசிலும் ஒரே பதவியில் 10 வருஷம் இருந்தால் தேர்வுநிலை, 20 வருஷம் இருந்தால் சிறப்புநிலை. இதெல்லாம் எதைக் காட்டுகிறது? நல்லவிதமாய் வேலை செய்தும் மேலே போகமுடியாமல் நிற்கிறவர்கள் ஏராளம் என்பதை அரசாங்கமே ஒத்துக்கொண்டு விதி எழுதியிருக்கிறது. நீங்கள் தனி ஆள் அல்ல.

1977ல் அமெரிக்காவில் ஃபெரென்ஸ், ஸ்டோனர், வாரன் என்ற மூன்று பேராசிரியர்கள் இதைக் குறித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நிறுவனத்தில் இருக்கிற மேலாளர்களை நான்கு விதமாய்ப் பிரித்தார்கள். இப்போதுதான் கற்றுக்கொண்டு வருகிறவர்கள். வேகமாய் மேலே போகிற நட்சத்திரங்கள். நன்றாய் வேலை செய்தும் மேலே போக வாய்ப்பு குறைந்த 'திடமான குடிமக்கள்'. வேலையும் குறைந்து வாய்ப்பும் குறைந்த 'பட்ட மரங்கள்'. இந்த நான்கு கூட்டத்தில் எண்ணிக்கையில் பெரியது மூன்றாவது கூட்டம்தான் என்றும், நிறுவனத்தின் பெரும்பாலான வேலையைச் சுமக்கிறவர்கள் அவர்கள்தான் என்றும் எழுதினார்கள். நின்றுபோனவன் வேறு, பட்டுப்போனவன் வேறு. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. எத்திரோவின் கணக்கு

யாத்திராகமம் 18ம் அதிகாரத்தில் மோசேயின் மாமன் எத்திரோ கொடுத்த ஆலோசனை நமக்குத் தெரியும். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று அதிபதிகளை ஏற்படுத்தச் சொன்னான். நிர்வாகத்தைப் பற்றி வேதத்தில் இருக்கிற அருமையான பாடம் என்று இதை எல்லாரும் சொல்லுகிறோம். ஆனால் ஒரு பென்சிலை எடுத்து இதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறோமா?

ஆயிரம் ஜனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு ஒரு அதிபதி என்றால் 100 அதிபதிகள் வேண்டும். ஐம்பது பேருக்கு ஒருவன் என்றால் 20. நூறு பேருக்கு ஒருவன் என்றால் 10. ஆயிரம் பேருக்கு 1. இப்போது அந்த அடிமட்டத்து 100 பேரும் பரிதானத்தை வெறுக்கிறவர்கள், தேவபக்தி உள்ளவர்கள், திறமைசாலிகள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு மேலே இருக்கிற நாற்காலி எத்தனை? இருபதுதான். மீதி 80 பேர் எங்கே போவார்கள்? அங்கேயேதான் இருப்பார்கள். அவர்கள் பாவம் செய்தார்களா? இல்லை. சபிக்கப்பட்டார்களா? அதுவும் இல்லை. கூடாரத்தின் உருவமே அப்படி. அடியில் அகலம், உச்சியில் ஒரு முனை. எல்லாரும் முனையில் உட்கார முடியாது, பாருங்க!

3. நம் மாவட்டத்தின் கணக்கு

வனாந்தரத்தை விட்டு நம்ம ஊருக்கு வருவோம். கடலூர் மாவட்டத்துக்கு ஆட்சியர் ஒருவர். மாவட்ட வருவாய் அலுவலர் ஒருவர். கோட்டங்கள் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் என்று 3. தாலுகாக்கள் 10. தனி வட்டாட்சியர் பதவிகளையும் சேர்த்துக்கொண்டாலும் எண்ணிக்கை கொஞ்சம்தான். ஆனால் அதற்குக் கீழே இளநிலை உதவியாளர்களும், உதவியாளர்களும், வருவாய் ஆய்வாளர்களும், கிராம நிர்வாக அலுவலர்களும் எத்தனை நூறு பேர்! எல்லாரும் வட்டாட்சியராக முடியுமா? சொல்லுங்க பார்ப்போம்.

இதோடு இன்னொரு காரியமும் சேர்ந்தது. தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 58லிருந்து 59 ஆயிற்று. 2021 பிப்ரவரியில் அது 60 ஆயிற்று. நாற்காலியில் இருந்தவருக்கு அது நல்ல செய்திதான். ஆனால் அந்த நாற்காலிக்காகப் பின்னால் வரிசையில் நின்றவருக்கு? காத்திருப்பு ரெண்டு வருஷம் நீண்டுபோனது. அவருக்கே ரிட்டையர் ஆக மூன்று வருஷம்தான் மீதி என்றால், அந்த ரெண்டு வருஷத்தின் பாரம் எவ்வளவு என்று அவருடைய மனைவியைத்தான் கேட்கவேண்டும்.

சிதம்பரத்துக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1929ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் நிறுவின அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அந்த ஊரின் அடுப்பை எரியவைத்த ஸ்தாபனம். தேவைக்கு மிஞ்சி ஆட்கள் சேர்க்கப்பட்டிருந்த நிலையில், 2012ல் அங்கே பணநெருக்கடி பெரிதாய் வெடித்தது. 2013ல் அரசு ஒரு நிர்வாகியை நியமித்து, அதே வருஷம் தனிச்சட்டம் இயற்றி, பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதன்பின் உபரி என்று கணக்கிடப்பட்ட ஆயிரக்கணக்கான அலுவலர்களும் ஆசிரியர்களும் பணிநிரவல் என்ற பெயரில் தமிழகமெங்கும் அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். வீடு அண்ணாமலை நகரில், வேலை எங்கோ தூரத்து ஊரில். ஒரு பிரிவில் பத்துப் பேரை நடத்திக்கொண்டிருந்தவர், புதிய ஆபீசில் புதிய ஆளாய்ப் போய் நின்றார். அவருடைய உழைப்பு குறைந்ததினாலா இது நடந்தது? இல்லையே. ஒரு ஸ்தாபனமே வளராமல் நிற்கும்போது, அதற்குள் இருக்கிற நல்லவனும் நிற்கிறான், சோம்பேறியும் நிற்கிறான். பேருந்து நின்றுபோனால் உள்ளே இருக்கிற எல்லாரும்தான் நிற்கிறார்கள்.

4. சரீரத்திலும் மனதிலும் என்ன நடக்கிறது?

காரணம் கணக்குதான் என்றாலும் வலி நிஜம். அதை மறுக்கக்கூடாது. "சந்தோஷமாயிருங்க பிரதர்" என்று சொன்னவுடனே மாறிப்போகிற காரியம் அல்ல இது.

நடுமட்டத்து மேலாளனின் நிலையைக் கவனியுங்கள். மேலிருந்து டார்கெட், கீழிருந்து முறையீடு. தீர்மானம் எடுக்கிறவர் வேறொருவர். திட்டு வாங்குகிறவர் இவர். ஜோஹன்னஸ் சீக்ரிஸ்ட் என்ற அறிஞர் 1996ல் ஒரு கருத்தை வெளியிட்டார். ஒருவன் போடுகிற பிரயாசத்துக்கும் அவனுக்குக் கிடைக்கிற பலனுக்கும் நடுவே இடைவெளி பெரிதாகிவிட்டால், அது இருதயத்தையே பாதிக்கும் என்றார். அவர் சொன்ன பலனில் சம்பளம் மட்டுமல்ல, மதிப்பும் உயர்வுக்கான வாய்ப்பும் சேர்ந்திருந்தது.

இங்கிலாந்தில் 1967 முதல் சுமார் 17,500 அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 'வைட்ஹால் ஆய்வு' என்று அதற்குப் பெயர். கடைசிப் படியில் இருந்தவர்கள் இருதய நோயினால் மரிப்பது, உச்சிப்படியில் இருந்தவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கண்டார்கள். எல்லாரும் அரசு ஆபீசுகளில் வேலை செய்கிறவர்கள்தான். பிற்பாடு 1985ல் தொடங்கின இரண்டாவது ஆய்வில், தன் வேலையைத் தானே நடத்துகிற சுதந்தரம் எவனுக்குக் குறைவாய் இருக்கிறதோ அவனுக்கு ஆபத்து அதிகம் என்று தெரியவந்தது. இதை நன்றாய்க் கவனியுங்கள். பதவியின் உயரம் நம் கையில் இல்லை. ஆனால் நம் மேஜையின் மேல் இருக்கிற வேலையை நாம் நடத்துகிறோமா, அது நம்மை நடத்துகிறதா என்பது கொஞ்சமாவது நம் கையில் இருக்கிறது.

5. இரண்டு விதமான நிற்றல்

இந்தப் பாடத்தின் இருதயம் இந்தப் பகுதிதான். நிற்பதில் இரண்டு விதம் உண்டு.

ஒன்று, பதவி நிற்பது. இன்னொன்று, கற்றுக்கொள்வது நிற்பது. முதலாவதில் அடுத்த நாற்காலி இல்லை. இரண்டாவதில் இதே நாற்காலியில் புதிதாய் ஒன்றும் இல்லை. இன்றைக்குச் செய்த வேலையே நாளைக்கும், கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். ஜூடித் பார்ட்விக் என்ற அம்மையார் 1986ல் எழுதின புத்தகத்தில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டி, வாழ்க்கை முழுவதுமே வெறுமையாய்த் தோன்றுகிற மூன்றாவது தேக்கத்தையும் சேர்த்துச் சொன்னார். ஒன்று மற்றொன்றுக்குள் வழிந்தோடும். ஆபீசில் தொடங்கினது அடுப்படிவரைக்கும் வரும்.

இந்த இரண்டில் எது அதிகமாய் நசுக்குகிறது? நாம் பதவிதான் என்று நினைப்போம். 1998ல் தாமி ஆலன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவரோடிருந்தவர்களும் மேலாளர்களிடம் விசாரித்து எழுதினதில், பதவி மட்டும் நின்றவர்களைவிட, வேலையில் புதுமை நின்றுபோனவர்களே அதிக அதிருப்தியாய் இருந்தார்கள். இரண்டும் சேர்ந்து நின்றவர்களின் நிலை இன்னும் மோசம். அதற்கு முன்னே 1990ல் ஜார்ஜியா சாவோ என்பவர் இன்னொன்றைக் காட்டியிருந்தார். ஒருவன் எத்தனை வருஷம் ஒரே பதவியில் இருந்தான் என்ற எண்ணிக்கையைவிட, "நான் நின்றுபோனேன்" என்று அவன் தன்னைப்பற்றி எவ்வளவாய் எண்ணுகிறான் என்பதே அவனுடைய திருப்தியை அதிகமாய்த் தீர்மானிக்கிறது.

அப்படியானால் வழி இருக்கிறது! முதல் கதவு மூடியிருக்கலாம். அதின் சாவி மேலதிகாரியிடம் இருக்கலாம். இரண்டாவது கதவின் சாவி பெரும்பாலும் நம்முடைய சட்டைப்பையில்தான் இருக்கிறது.

6. என்ன செய்யலாம்?

அ) முதலில் கணக்கைப் பாருங்கள். உங்கள் பிரிவில் மேலே எத்தனை பதவி, உங்களுக்கு முன் எத்தனை பேர், அவர்கள் எந்த வருஷம் ஓய்வு பெறுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பயத்தைவிட எண்கள் இரக்கமுள்ளவை. துறைத் தேர்வு பாக்கி இருந்தால் எழுதுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிற தேர்வுக்கு விண்ணப்பம் போடாமல், பதவி உயர்வுக்கு ஜெப விண்ணப்பம் மட்டும் போடுவது எந்த விதத்தில் நியாயம்?

ஆ) அநியாயம் நடந்திருந்தால் முறைப்படி கேளுங்கள். எல்லாத் தேக்கமும் கணக்கினால் வருவதல்ல. பட்சபாதமும், சாதியும், பரிதானமும் சிலரை நிறுத்தி வைத்திருப்பது உண்டு. சீனியாரிட்டி பட்டியலில் தவறு இருந்தால் ஆட்சேபனை எழுதிக்கொடுங்கள். அரசு அலுவலகம் என்றால் 2005ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பவுல் தன் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொல்லி நியாயம் கேட்டான் அல்லவா? பொறுமை என்றால் வாயைக் கட்டிக்கொள்வது என்று அர்த்தமில்லை.

இ) இதே நாற்காலியில் புதிய வேலையைத் தேடுங்கள். கணினியில் வந்திருக்கிற புதிய முறையைக் கற்றுக்கொள்ள முன்வருவது, யாரும் தொடாத பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்துவது, வேறு பிரிவுக்குப் பக்கவாட்டில் மாற்றம் கேட்பது, இவைகளெல்லாம் பதவி உயர்வு அல்ல. ஆனால் மனதைப் பட்டுப்போகவிடாமல் காக்கும்.

ஈ) இளையவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். 2009ல் வெளியான ஒரு ஆய்வில், தேங்கி நின்றவர்களில் மற்றவர்களுக்கு வழிகாட்டியாய் இருந்தவர்களுக்கு அந்தத் தேக்கத்தின் பாதிப்பு குறைவாய் இருந்தது என்று கண்டார்கள். புதிதாய் வந்த பையனுக்கு ஒரு குறிப்பாணை எழுதச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். உங்கள் இருபது வருஷ அனுபவம் வீணாகவில்லை என்பது அன்றைக்கே தெரியும். யோசேப்பைப் பாருங்கள். பானபாத்திரக்காரன் மறந்துபோன பிறகு இரண்டு வருஷம் சிறையிலே இருந்தான். விடுதலை இல்லை, உயர்வு இல்லை. ஆனாலும் அங்கே இருந்தவர்களை நடத்துகிற பொறுப்பு அவன் கையில் இருந்தது. எல்லா யோசேப்புக்கும் பார்வோனிடத்திலிருந்து ஆள் வரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் சிறையில் செய்த வேலையும் வேலைதான்.

உ) சரீரத்தைக் கவனியுங்கள். தூக்கம் இல்லை, பிரஷர் ஏறுகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது, சாகலாம் என்று தோன்றுகிறது என்றால் ஜெபத்தோடு வைத்தியரிடமும் போங்கள். நம்முடைய அரசு மருத்துவமனைகளில் மனநல வைத்தியம் உண்டு. 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். 2022ல் மத்திய அரசு தொடங்கின சேவை அது. அப்படிப் போவது விசுவாசக் குறைவு ஆகாது.

7. சபைக்கும் குடும்பத்துக்கும் ஒரு வார்த்தை

சாட்சி நேரத்தில் "கர்த்தர் எனக்குப் ப்ரமோஷன் கொடுத்தார்" என்று ஒருவர் சொல்லும்போது நாம் கைதட்டி ஸ்தோத்திரம் சொல்லுகிறோம். சொல்லட்டும், சந்தோஷம்தான். ஆனால் அதே பெஞ்சில் பதினெட்டு வருஷமாய் ஒரே பதவியில் உண்மையாய் உழைக்கிறவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குள் என்ன ஓடும்? "அப்படின்னா எனக்கு ஆசீர்வாதம் இல்லையா?" உயர்வை மட்டும் ஆசீர்வாதம் என்று எண்ணிப் பழகின சபை, நிற்கிறவனைச் சத்தமில்லாமல் சபிக்கிற சபையாகிவிடும். பதினெட்டு வருஷம் லஞ்சம் வாங்காமல் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தேன் என்பதும் சாட்சிதான். அதற்கும் கைதட்டுவோமே!

வீட்டாருக்கும் சொல்லுகிறேன். "உங்ககூட சேர்ந்தவர் எங்கேயோ போயிட்டார், நீங்க இன்னும் அங்கேயே இருக்கீங்க" என்ற ஒரு வார்த்தை, மேலதிகாரியின் மெமோவைவிட ஆழமாய்க் குத்தும். இன்னொரு பக்கத்தையும் மறக்காதீர்கள். பிள்ளைகளின் படிப்புக்காக, வயதான மாமியாருக்காக, டிரான்ஸ்ஃபரோடு வந்த பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த சகோதரிகள் நம்மிடையே உண்டு. அவர்கள் நிறுத்தப்பட்டவர்கள் அல்ல; தாங்களாகவே நின்றவர்கள். அந்தத் தியாகத்தைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் அதை அறிந்திருக்கவேண்டும்.

சிந்திக்க:

(1) எனக்கு நின்றுபோனது பதவியா, கற்றுக்கொள்வதா, இரண்டுமா?

(2) கடந்த ஆறு மாதத்தில் வேலையில் புதிதாய்க் கற்றுக்கொண்டது என்ன?

(3) என் அனுபவத்தை எந்த இளையவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்?

(4) என் வீட்டில், என் சபையில், நின்றுபோன ஒருவரை நான் கடைசியாய் எப்போது விசாரித்தேன்?

பிரியமானவர்களே, பத்துப் பேருக்கு அதிபதியாய் இருந்தவனை எத்திரோவின் கணக்கு அங்கேயே வைத்தது. ஆனால் அந்தப் பத்துப் பேருக்கு அவன்தான் நியாயம் விசாரிக்கிறவன். அவன் சலித்துப்போய் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டால், அந்தப் பத்துக் குடும்பத்தின் வழக்கை யார் கேட்பார்கள்? உங்கள் கையில் இருக்கிற பத்துப் பேரைப் பாருங்கள். சமாதானத்தோடே வேலைக்குப் போங்கள். ஆமென்.